பக்கத்து ஊர்கள் சேர்ந்து வளர்ச்சித் திட்டம் போட முடியுமா? பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி இதுதான்: "ஓசூர் எங்கேயோ போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் தினமும் அங்கேதான் வேலைக்குப் போய்வருகிறார்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, காரிமங்கலம் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்து ஒரே வளர்ச்சித் திட்டம் போட வழி இருக்கிறதா? இல்லை, எங்களுக்கும் ஒரு சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) வேண்டும் என்று கேட்பதுதான் சரியா?"

வழி இருக்கிறது, அதுவும் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சேர்ந்து போட்ட திட்டம் நிற்க வேண்டுமென்றால், சேர்ந்து வரும் வருமானத்தில் எல்லா ஊருக்கும் பங்கு இருக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுக்காமல் எத்தனை கூட்டம் போட்டாலும், தீர்மானப் புத்தகத்தில் பக்கம் நிரம்புவதோடு சரி.

முதலில் சட்டம். 1992இல் வந்த 74ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 243இசட்டி என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்டத் திட்டக்குழு இருக்க வேண்டும் என்கிறது அது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து, மாவட்டம் முழுமைக்குமான வரைவு வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழு தயாரிக்க வேண்டும். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்ட ஊராட்சியிலும் நகர்ப்புற மன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள். எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது: நில அமைப்புத் திட்டம், தண்ணீர்ப் பங்கீடு, கட்டமைப்பு வசதிகளை ஒருங்கிணைத்து வளர்த்தல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு. நீங்கள் கேட்டது இதைத்தான்.

நடைமுறைக்கு வந்தால் இரண்டு தடைகள். ஒன்று, இந்தக் குழுவுக்குச் சொந்தமாக நிதி கிடையாது. போடுகிற திட்டத்தை ஏற்றுச் செலவழிக்க வேண்டியவை வேறு துறைகள். இரண்டாவது, குழு உயிரோடு இருக்க இருபக்கமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும். உங்கள் தர்மபுரி, ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றங்கள் அமைந்தன. ஒரு பக்கம் கவுன்சிலர்கள், இன்னொரு பக்கம் அதிகாரி என்று இருக்கும்போது சேர்ந்து திட்டம் போடுவது எப்படி? ஊரகத் தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள் என்று கேட்பதும் பொருளாதாரக் கோரிக்கைதான்.

மாவட்ட எல்லை வேறு ஒரு சிக்கல். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்த பழைய தர்மபுரி மாவட்டத்துக்குள் ஓசூரும் ராயக்கோட்டையும் பாலக்கோடும் ஒன்றாக இருந்தன. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி, ஓசூரும் ராயக்கோட்டையும் அதற்குள் போயின. நிர்வாகத்துக்கு அது நல்லதுதான். மக்கள் கலெக்டர் ஆபீசுக்கு அலையும் தூரம் குறைந்தது. ஆனால் பிழைப்பு அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுவிடவில்லை. மாரண்டஹள்ளிக்காரர் தக்காளியை ராயக்கோட்டை மண்டியிலும் இறக்குவார், பாலக்கோடு மண்டியிலும் இறக்குவார். எங்கே விலை கூடுதலோ அங்கே. நடுவில் மாவட்டம் மாறுகிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திட்டக்குழு மட்டும் மாவட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறது.

மாவட்டம் தாண்டிய திட்டத்துக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, பல உள்ளாட்சிகளை உள்ளடக்கிய மண்டலத் திட்டப் பகுதியை அரசு அறிவிக்கலாம். அதற்கு மண்டலத் திட்டமும் போடலாம். அந்தத் திட்டம் முதன்மையாக நிலப் பயன்பாட்டைப் பற்றியது. எந்த இடம் தொழிலுக்கு, எது குடியிருப்புக்கு, எது விவசாயத்துக்கு, சாலை எங்கே போகும் என்று சொல்லும். வேலை எங்கிருந்து வரும், வரி யாருக்குப் போகும் என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

எல்லை தாண்டிச் செய்யவே முடியாது என்று யாராவது சொன்னால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் காட்டுங்கள். நம் இரண்டு மாவட்டத்துக் கிணறும் போர்வெல்லும் பாறைக்குள் இறங்குகின்றன. அந்தப் பாறையிலேயே புளோரைடு இருக்கிறது. ஆழமாகப் போகப் போக அது கூடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரிந்த ஊர்கள் இங்கே எத்தனையோ. வயதானவர்கள் முதுகை நிமிர்த்த முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தார்கள். எந்த ஒரு பேரூராட்சியும் தனியாக இதைத் தீர்த்திருக்க முடியாது. ஜப்பானின் ஜைக்கா கடன் உதவியோடு ரூ.1,928.80 கோடியில் காவிரித் தண்ணீரை மேலேற்றிச் சுத்திகரித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுபோனார்கள். 2013 மே மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. கடைக்கோடி ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது என்ற குறை உண்டு, அது நியாயமான குறை. ஆனாலும் அது நடந்ததற்கான காரணம் முக்கியம்: மொத்த வேலைக்கும் குடிநீர் வடிகால் வாரியம் என்ற ஒரே பொறுப்பாளர், அந்தத் திட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணம், ஒரு ஊருக்குப் போவதால் இன்னொரு ஊருக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம் இல்லை. பொருளாதாரத் திட்டத்தில் இந்த மூன்றுமே இல்லை. மூன்றாவதுதான் பெரிய குறை: இங்கே அந்தப் பயம் இருக்கிறது.

இப்போது ஓசூருக்கு வருகிறேன். அங்கே சிப்காட் 1970களில் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், பிறகு 1984இல் மாநில அரசு நிறுவனமான டிட்கோவும் டாடாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் என்று வரிசையாக வந்தன. பெங்களூரு 40 கி.மீ. தூரத்தில் இருந்ததும், பின்தங்கிய பகுதி என்று அரசு கொடுத்த சலுகையும், மலிவான நிலமும் சேர்ந்து செய்த வேலை அது. ஓசூர் உள்ளாட்சி கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டு வரவழைத்ததாக நினைக்க வேண்டாம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெங்களூரு இல்லை. ஆனால் இப்போது ஓசூரே பக்கத்தில் இருக்கிறது. 2019இல் மாநகராட்சியான அந்த ஊரோடு உங்களுக்கு ரயில் பாதை உண்டு. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் உண்டு. உங்கள் திட்டம் இந்தப் பாதையில்தான் தொடங்க வேண்டும்.

விடியற்காலையில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் பை, காதில் ஹெட்போன். பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்தபின் இந்தப் பக்கத்துப் பெண்களின் வேலைவாய்ப்பே மாறியது. அந்தப் பிள்ளையின் சம்பளச் சீட்டை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். தொழில் வரி என்று ஒரு பிடித்தம் இருக்கும். அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனி பிடித்து, கம்பெனி எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்கே கட்டும். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இதற்கு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.2,500, 1988இல் வைத்தது, இன்னும் அதேதான். கம்பெனிக் கட்டடத்துக்கான சொத்து வரியும் அந்த உள்ளாட்சிக்கே.

அந்தப் பிள்ளை குடியிருப்பதோ பாலக்கோட்டில். தண்ணீர் தருவது, தெருவிளக்குப் போடுவது, குப்பை அள்ளுவது, அவள் தம்பி படிக்கும் பள்ளிக்கூடத்து முன்னால் சாக்கடை சரிசெய்வது எல்லாம் பாலக்கோடு பேரூராட்சி. அவள் உழைப்பில் உருவாகும் உள்ளூர் வரியில் பாலக்கோட்டுக்கு வருவது ஒன்றுமில்லை. கணக்குப் புரிய ஒரு உதாரணம்: உங்கள் பகுதியிலிருந்து 1,000 பேர் வெளியூர் கம்பெனிக்குப் போய், ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் தொழில் வரி கட்டினால் 10 லட்சம் ரூபாய். அதில் பாதி திரும்பி வந்தாலே ஒரு சின்னப் பேரூராட்சிக்கு அது பெரிய உதவி.

ஒவ்வொரு ஊரும் "எங்களுக்கு ஒரு சிப்காட்" என்று கேட்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலை எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்த எல்லைக்கு மட்டும் வரி என்றால், ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள் இழுக்கத்தான் பார்க்கும். பக்கத்து ஊர் வளர்ந்தால் தனக்கு நஷ்டம் என்றே நினைக்கும். அந்த நினைப்பு இருக்கும்வரை கூட்டுத் திட்டம் கூட்டத்தோடு முடிந்துவிடும்.

இதை வேறு இடங்களில் தீர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சுற்றி ஏழு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஏகப்பட்ட சின்ன நகராட்சிகள். 1971இல் அவை இருக்கும் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பழைய வரி அடித்தளத்தை, அதாவது வரி விதிக்கும் சொத்து மதிப்பைத் தொட வேண்டாம், அந்த ஆண்டுக்குப் பிறகு தொழில், வணிகச் சொத்தில் வரும் வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகட்டும். மக்கள்தொகையும், தலைக்கு எவ்வளவு சொத்து மதிப்பு என்ற கணக்கும் பார்த்து எல்லா ஊருக்கும் அது பிரியும். தொழிற்சாலை பக்கத்து ஊரில் வந்தாலும் நமக்கும் பங்கு உண்டு என்றானது. பிரான்சில் 1999இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கத்து நகரங்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பே தொழில் வரியை ஒரே விகிதத்தில் வசூலிக்கும்படி செய்தது. ஒருவருக்கொருவர் வரியைக் குறைத்துக் கம்பெனியை இழுக்கும் போட்டி அங்கே ஓய்ந்தது.

மினசோட்டா வழிதான் நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதில் "இனி வரும் வளர்ச்சியில் மட்டும்" என்ற நிபந்தனை இருக்கிறது. ஓசூர் மாநகராட்சியிடம் போய் இன்றைய வருமானத்தில் பங்கு கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? அவர்களுக்கும் சாலை, சாக்கடை, குப்பை என்று கழுத்தளவு பிரச்சினை. புதிதாக வருவதில் ஒரு பகுதி என்றால் பேச்சுக்கு இடம் உண்டு. இதை ஊர்கள் தங்களுக்குள் கையெழுத்துப் போட்டு முடித்துவிட முடியாது. மாநில அரசு செய்ய வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையம்தான் உள்ளாட்சிகளுக்குப் பணம் எப்படிப் பிரிய வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. "வெளியூர்த் தொழிலாளர் அதிகம் குடியிருக்கும் ஊர்" என்ற ஒரு அளவுகோலை அதில் சேர்க்கச் சொல்லி, உங்கள் மூன்று பேரூராட்சியும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

அதற்கெல்லாம் காலம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எந்த ஊருக்கும் நஷ்டம் இல்லாமல் சேர்ந்து செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் அதில் பெரியது தக்காளியும் மாங்காயும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு உயிர் 'பெங்களூரா' மாங்காய். பாலக்கோடு, காரிமங்கலம் தோப்புக்காரர்களும் அங்கேதான் ஓட்டுகிறார்கள். அறுவடை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதால் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் நிற்க நிற்கக் காய் பழுத்து எடை குறையும், விலை பேச்சும் இறங்கும். 2025இல் விலை விழுந்தபோது, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. மாம்பழ சீசன் முடிந்தால் அந்த ஆலைகளில் பல மாதம் வேலை இல்லை. அதே மாதங்களில் ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி சாலையோரத்தில் கொட்டப்படும் நாட்கள் வரும்.

ஆலையைத் தக்காளிக்குத் திருப்பினால் போயிற்று என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. கழுவும் தொட்டி, கூழ் எடுக்கும் இயந்திரம், வற்ற வைக்கும் கலன் ஆகியவற்றைச் சில மாற்றங்களோடு பயன்படுத்தலாம். தடை பழத்தில் இருக்கிறது. நம் விவசாயி போடுவது லாரியில் தூரம் போகத் தாங்குகிற, சமையலுக்கான ரகங்கள். அவற்றில் தண்ணீர் அதிகம், திடப்பொருள் குறைவு. ஒரு கிலோ கெட்டிப் பேஸ்ட்டுக்கு ஐந்தாறு கிலோ பழம் போகும். அந்தத் தண்ணீரை வற்ற வைக்கும் எரிபொருள் செலவே ஆலைக்காரரைப் பின்வாங்க வைக்கும். ஆகவே ஆலைக்கென்று தனி ரகம் போட ஒரு பகுதி விவசாயிகள் வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே பேசிய விலை வேண்டும். நாற்று, ரகச் சோதனைக்குப் பையூரிலும் பாப்பாரப்பட்டியிலும் வேளாண் பல்கலைக்கழக நிலையங்கள் இருக்கின்றன. தோட்டம் தர்மபுரி மாவட்டத்தில், ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில், நாற்று இரண்டிலும். இரண்டு கலெக்டரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய விஷயம் இது. இதைக் கேட்டு வாங்க யாருடைய சட்டத் திருத்தமும் தேவையில்லை.

பாலக்கோட்டில் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் இந்தக் கணக்கில் வையுங்கள். கரும்பு போதாமல் அரவை தடுமாறுவதைப் பார்த்த ஊர் நீங்கள். மூலப்பொருள் வரும் வழியை உறுதி செய்யாமல் ஆலை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கரும்புக்கு இடித்தது தண்ணீர்.

தண்ணீர்தான் இந்தப் பகுதியின் வளர்ச்சிக்கு உச்சவரம்பு. தென்பெண்ணை பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டுதான் ஓசூருக்கு வருகிறது. மழை பெய்தால் கெலவரப்பள்ளி அணையின் மதகில் நுரை மலைபோல எழும்புவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கீழே கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை, அதற்கும் கீழே சாத்தனூர். மேலே உள்ள ஊர் கழிவை என்ன செய்கிறது என்பதில்தான் கீழே உள்ள ஊரின் விவசாயம் இருக்கிறது. தென்பெண்ணையின் வெள்ள உபரியை எண்ணேகொல்புதூர் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வெட்டித் தும்பலஹள்ளி அணைக்குக் கொண்டுவரும் திட்டம் உங்கள் பகுதிக்கு நேரடியாகப் பயன் தருவது. கால்வாய் தொடங்குவது கிருஷ்ணகிரி மாவட்டம், முடிவது தர்மபுரி மாவட்டம். நிலம் எடுப்பதில்தான் அது இழுத்துக்கொண்டே போனது. நிலம் கொடுக்கிறவர் ஓர் ஊர், தண்ணீர் பெறுகிறவர் இன்னோர் ஊர் என்றால் இழுக்கத்தான் செய்யும். வழியில் இருக்கும் ஏரிகளுக்கும் தண்ணீர் என்று எவ்வளவு தெளிவாக எழுத்தில் கொடுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் நிலம் வரும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: மனை. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. இதுபோன்ற அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் கொடிக்கம்பம் முளைக்கிறது, கல் நடுகிறார்கள். ராகியும் தக்காளியும் விளைந்த நிலம் மனையாகி, வீடும் வராமல், பயிரும் இல்லாமல் முள்ளாகிக் கிடக்கிறது. நில விலை ஏறியபின் தொழில் தொடங்க நினைக்கிற உள்ளூர்க்காரருக்கும் இடம் வாங்க முடியாது. 844ஆம் சாலையை ஒட்டிய ஊராட்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக லே-அவுட்டைப் பற்றி முடிவெடுத்தால் இதைத் தடுக்க முடியாது. எந்த இடத்தில் கிடங்கு, எந்த இடத்தில் பட்டறை, எது நஞ்சை என்று ஒரே வரைபடம் வேண்டும். மேலே சொன்ன 1971 சட்டம் இங்கேதான் உங்களுக்கு உண்மையாகவே உதவும்.

வேலைக்குப் போய்வருவதை எடுத்துக்கொண்டால், ஓசூர்-தர்மபுரி ரயில் பாதை ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழியாகத்தான் போகிறது. ஷிப்ட் நேரத்துக்குப் பொருந்தும் ரயில் நேரத்தை ஒரு பேரூராட்சி கேட்டால் அது மனு. வழியில் உள்ள எல்லா உள்ளாட்சிகளும், கம்பெனிகளின் ஆள் கணக்கோடு சேர்ந்து கேட்டால் ரயில்வே காது கொடுக்கும்.

எனவே தொடங்க வேண்டிய இடம் சின்னது. மூன்று செயல் அலுவலர்களும், மூன்று தலைவர்களும், இரண்டு ஒன்றியத்து வட்டார வளர்ச்சி அலுவலர்களும் (பி.டி.ஓ.), ராயக்கோட்டை ஊராட்சிக்காரர்களும் ஒரு நாள் உட்காருங்கள். பெரிய திட்ட அறிக்கை எழுத ஆள் தேட வேண்டாம். எத்தனை பேர் எந்தக் கம்பெனிக்குப் போகிறார்கள், எந்த மாதம் எவ்வளவு தக்காளி மண்டிக்கு வருகிறது, எந்த ஏரி நிரம்புகிறது என்ற மூன்று கணக்கை முதலில் எடுங்கள். பாலக்கோடு கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே எடுத்துவிடலாம். அந்தக் கணக்கு கையில் இருந்தால் கலெக்டரிடமும், நிதி ஆணையத்திடமும், ரயில்வேயிடமும் பேச்சே வேறாக இருக்கும்.

சிப்காட் கேட்கலாமா என்றீர்கள். தர்மபுரிக்கு அதியமான்கோட்டை, தடங்கம், அதகபாடி பக்கம் ஏற்கெனவே ஒரு சிப்காட் வருகிறது. அது உங்களுக்கு ஓசூரைவிட அருகில். இன்னொன்று கேட்பதற்கு முன், அங்கே வரும் கம்பெனிகளுக்கு என்ன மாதிரி ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பு வேண்டும் என்று கேட்டு இங்கேயே பிள்ளைகளைத் தயார் செய்வதும், அதன் தொழில் வரியில் சுற்றுவட்டார ஊர்களுக்குப் பங்கு என்ற பேச்சைக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே எடுப்பதும் அவசரம். கம்பெனி வந்து, வரி ஒரு உள்ளாட்சியின் பட்ஜெட்டில் ஏறிவிட்டால், பிறகு அதைப் பகிரச் சொல்ல யாராலும் முடியாது.